நான் எரித்த ஓலை நறுக்குகள்

அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தவர்களை இன்றைக்கும் என்னால் வரிசை பிசகாமல் சொல்ல முடியும். பழம்பொருள்களைப் பார்க்கும் கொழும்பு அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை நடுவில். அவருக்கு வலப்பக்கத்தில், பனங்கூடல் மேட்டைத் தோண்டுவித்த, எனக்குச் சம்பளம் தந்த ஐயா. நீதிமன்றத்தில் வழக்குப் பேசிப் பேசி ஓய்வு பெற்ற பிறக்கிராசி அவர். இடப்பக்கத்தில் தலைமை வாத்தியார், அடுத்து ஊர் அதிகாரியான விதானையார், அடுத்து மேடு கிடந்த காணியின் சொந்தக்காரர். துரையை வரவேற்க அளவெட்டியிலிருந்து பிடித்து வந்த மேளகாரர் நால்வர் வாசலில் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். மேசையின் கடைசியில், கையில் கொப்பியோடு நான்.

இல்லாதவர்கள் ஏழு பேர். மூன்று மாதமாக அந்த மேட்டின் மண்ணை ஓலைக் கடகத்தில் சுமந்து, சுளகில் கொழித்து, மேசையில் கிடந்த மணிகள் ஒவ்வொன்றையும் தங்கள் விரலால் பொறுக்கி எடுத்த ஏழு பெண்கள். அவர்களில் ஒருத்தி என் குஞ்சம்மா, அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிட ஆறு வயதுதான் மூப்பு. அவர்களை வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் கிணற்றடியில், துரைக்குக் கொடுத்த கோப்பைகளைக் கழுவிக்கொண்டு இருந்தார்கள்.

அவர்கள் அங்கே இல்லை என்பது அன்று எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் திடுக்கென்கிறது.

எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். என்னைப் பெற்ற அப்பு பிறர் தோட்டத்தில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவர். என்னை இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு அவர் எத்தனை பேர் வாசலில் நின்றார் என்பது வேறு கதை. சோதனை பாஸ்பண்ணிய கையோடு ஐயாவிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல இங்கிலீசிலும் தமிழிலும் எழுத வேண்டும். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்னர் இது.

மருதனார்மடம் சந்தியிலிருந்து மேற்கே போனால், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பனங்கூடல். அதற்குள்தான் அந்த மேடு. மழை பெய்தால் செங்கல் துண்டுகள் தலைகாட்டும். ஐயா புத்தகங்களில் ஊறியவர். அந்த மேட்டுக்குள் பழைய பெரிய கட்டடம் ஒன்று இருக்கிறது என்று நம்பினார். அவர் எழுத்து வெட்டிய கல்லைத் தேடினார். காணிக்காரரோ ஒரு நிபந்தனையோடுதான் இடம் விட்டார்: ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும், முடிந்தால் மேட்டைத் தட்டிப் புகையிலை வைப்பார். கொழும்புக் கந்தோர் வந்து பார்த்து, பாதுகாக்க வேண்டிய இடம் என்று எழுதினால் மட்டுமே மேடு தப்பும். இதை வேலைக்கு வந்த முதல் நாளே ஐயா எல்லாருக்கும் சொன்னார். பெண்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

குழிக்குள் இரண்டு ஆண்கள், அலவாங்கு என்கிற கடப்பாரையோடு. மண்ணைச் சுமந்து வெளியே கொட்ட ஏழு பெண்கள். குறிப்பெழுத நான், சட்டையும் சப்பாத்துமாக. சப்பாத்தைப் பார்த்துக் குஞ்சம்மா முதல்நாளே பெயர் வைத்துவிட்டாள்.

“கிளாக்கர் ஐயா, காலைப் பார்த்து வையுங்கோ. மண் சப்பாத்திலை ஒட்டினால் கவுண்மேந்துக்கு நட்டம்.”

“குஞ்சம்மா, எல்லாரும் நிக்கினம்.”

“நிக்கட்டுமே. நீ சிறுசிலை மண் திண்டது இவைக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ?”

மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் கொப்பியைப் பார்ப்பேன்.

முதல் வாரம் முழுவதும் செங்கல்லும் ஓடுமாகத்தான் வந்தன. ஐயாவின் முகம் வாடியது. பெண்கள் சுமந்த மண்ணை வேலியோரம் எறிந்துவிடச் சொல்லியிருந்தார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒருநாள், குஞ்சம்மா வேலியோரத்திலிருந்து கூப்பிட்டாள்.

“கிளாக்கர் ஐயா, இஞ்சை ஒருக்கால் வாருங்கோ. உங்கடை ஐயா எறிஞ்ச மண்ணுக்கை மஞ்சாடி முளைச்சிருக்கு.”

உள்ளங்கையில் மூன்று சிவப்பு மணிகள். கல்லில் கடைந்து, தலைமயிர் போகிற அளவுக்குத் துளையிட்டவை. எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். பதிலுக்குச் சுளகைக் காட்டினாள். அரிசியில் கல் பிரிக்கிறமாதிரி மண்ணைக் கொழித்திருக்கிறாள். மண் முன்னால் போகும், பாரமானது பின்னால் நிற்கும். எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற காரியம்.

“எடியே, கோத்துக் கழுத்திலை போடு,” என்றாள் இன்னொருத்தி. “ஐயான்ரை பெண்சாதி கண்டால் கழுத்தோடை கேப்பா.”

அன்று தொடங்கி எறிந்த மண் அத்தனையும் திரும்பச் சுளகுக்குள் வந்தது. ஏழு சுளகுகள். மணிகள், மிளகளவு செம்புக் காசுகள், சங்கு வளைத் துண்டுகள். கொப்பியில் நான், “மண்ணைச் சலிக்கும் முறையொன்று கையாளப்பட்டது” என்று எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை. இங்கிலீசில் அப்படி எழுதுவதுதான் கண்ணியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்.

ஒருநாள், விரலளவு செம்புக் கம்பி ஒன்று வந்தது. இரண்டு முனையும் உருண்டு மழமழவென்று இருந்தது. ஐயா இரண்டு நாள் புத்தகம் புரட்டினார். வைத்தியர் கருவியோ, பூசைப் பொருளோ என்று குழம்பினார். மூன்றாம் நாள் குஞ்சம்மா கடகத்தை இறக்கி வைத்தபடியே எட்டிப் பார்த்தாள்.

“உது கண்ணுக்கு மை இழுக்கிற கம்பியெல்லோ?”

ஐயா கம்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “எழுதும்,” என்றார். “இஃது அஞ்சனம் தீட்டும் கோல் எனத் தெளிகிறோம்.”

எழுதினேன். “தெளிகிறோம்” என்ற சொல் அழகாயிருந்தது என்றுகூட நினைத்தேன்.

இனி நறுக்குகளின் கதை. எங்கள் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டும்போது, மண் சுமக்கிற பெண்கள் எல்லா மண்ணையும் ஒரே குவியலாகக் கொட்டமாட்டார்கள். மேலே வரும் செம்மண் தோட்டத்துக்கு. அதற்குக் கீழே வரும் களி சுவருக்கு. அதற்கும் கீழே சுண்ணாம்புக் கல்லோடு வருவது ஒழுங்கைப் பாதைக்கு. மண்ணின் நிறம் மாறியவுடன் குழிக்குள் நிற்பவர் “மாறுது!” என்று குரல் கொடுப்பார். மேலே நிற்பவள் புதுக் குவியல் தொடங்கி, ஓலை நறுக்கு ஒன்றில் ஒரு முடிச்சுக் கூடப் போட்டு, ஈர்க்கால் அதன்மேல் குத்தி வைப்பாள். ஒரு முடிச்சு மேல்மண். இரண்டு முடிச்சு அதற்கடுத்தது. கிணறு வெட்டி முடிந்து மாதக்கணக்கான பிறகும், எந்த மண் எதுவென்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

குஞ்சம்மா மேட்டிலும் அதையே செய்தாள். யாரும் சொல்லவில்லை, மண் நிறம் மாறினால் கை தானாக முடிச்சுப் போடும். ஒவ்வொரு மண்ணிலும் கிடைத்ததை பனங்கட்டி வைக்கும் சின்ன ஓலைப்பெட்டிகளான வெறும் குட்டான்களில் போட்டு, அந்தந்த நறுக்கையும் உள்ளே வைத்து மூடினாள். கொட்டிலில் நாற்பது குட்டான்களுக்கு மேல் அடுக்கியிருந்தன. ஐந்து வகை மண், ஐந்து முடிச்சு வரை.

பிறந்ததிலிருந்து கிணற்றடியில் பார்த்த முடிச்சுகள் அவை. மேட்டில் என் கண்ணில் படவில்லை. குட்டானுக்குள் ஓலைத் துண்டு கிடக்கிறது என்று கண்டேன். குப்பை என்று நினைத்தேன். நான் படித்த பள்ளிக்கூடம் எனக்குப் பல கண்களைத் திறந்தது என்று சொல்வார்கள். ஒரு கண்ணை மூடியும் விட்டிருந்தது.

புரட்டாசியில் துரை வருவதாகக் கடிதம் வந்தது. ஐயாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெண்களுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, எல்லாத்தையும் கழுவி, மண்டபத்து மேசையிலை வடிவாய் அடுக்கும். துரை பார்த்தவுடனை அசந்துபோக வேணும்.”

அடுக்கினேன். அந்த இரண்டு நாளும் நான் வேலை செய்த மாதிரி வாழ்க்கையில் வேறெப்போதும் செய்ததில்லை. குட்டான்கள் எல்லாவற்றையும் ஒரே பாயில் கவிழ்த்தேன். காசுகளைப் பழப்புளி போட்டுத் தேய்த்தேன். மணிகளை நிறம் பார்த்துப் பிரித்தேன்: சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. அதற்குள் பெரியதிலிருந்து சிறியது வரை. வெள்ளைத் துணியில் வரிசை வைத்தபோது கோயில் கோலம் போலிருந்தது. மிஞ்சிய குட்டான்களும் நறுக்குகளும் நன்றாகக் காய்ந்திருந்தன. துரை வந்த காலையில் தேநீருக்கு வெந்நீர் வைக்க அவற்றைத்தான் அடுப்பில் போட்டேன். சடசடவென்று பிடித்தது. விறகு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஐயா மேசையைப் பார்த்து என் தோளில் தட்டினார்.

மேளம் ஓய்ந்து, மாலை போட்டு, தலைமை வாத்தியார் பேசி முடித்த பிறகு, துரை மேசைக்கு வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு சிவப்பு மணியை எடுத்தார், அதற்குப் பக்கத்தில் கிடந்த இன்னொன்றை எடுத்தார். நல்ல மனுஷன்; மெதுவாகத்தான் கேட்டார்.

“இது எந்த ஆழத்தில் கிடைத்தது?”

ஐயா என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் புரட்டினேன். எண்ணிக்கை இருந்தது. நிறம் இருந்தது. கிடைத்த தேதிகூடச் சிலவற்றுக்கு இருந்தது.

“எல்லாம் அதே மேட்டில்தான், சேர்,” என்றேன்.

துரை மணிகளைத் திரும்ப வைத்தார். எது மேலே, எது கீழே என்று தெரிந்தால்தான் எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லலாம். இல்லாவிட்டால் இவை அழகான பழைய மணிகள், அவ்வளவுதான் என்றார். அழகான மணிகளுக்காக ஒருவருடைய காணியை அரசாங்கத்தால் மறிக்க முடியாது. காணிக்காரருக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் ஐயாவின் முகம் தெரிந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

துரைக்குத் தண்ணீர் கொண்டுவர என்று சொல்லிக்கொண்டு நான் வெளியே வந்தேன். எனக்குத்தான் தண்ணீர் வேண்டியிருந்தது.

“என்னடா மோனை, பேயறைஞ்ச மாதிரி?” என்றாள் குஞ்சம்மா, கோப்பையைக் கவிழ்த்தபடி.

“எந்தெந்த மணி எவ்வளவு ஆழத்திலை எண்டு துரை கேக்கிறார். தெரியாட்டில் மேட்டைக் காப்பாத்தேலாதாம்.”

அவள் சிரித்தே விட்டாள். “உதுக்கேன் முழிக்கிறியள்? நறுக்கிலை கிடக்கே.”

“எந்த நறுக்கு?”

“முடிச்சு நறுக்கடா. குட்டானுக்குள்ளை வைச்சனான். ஒரு முடிச்சு செம்மண், ரெண்டு சாம்பல் மண், மூண்டு சிப்பி மண், நாலு கரிமண், அஞ்சு அடிமணல். எங்கை குட்டானெல்லாம்?”

கிணற்றடிக்கு அடுத்ததுதான் அந்த அடுப்பு. வெந்நீர்க் கேத்தில் இன்னும் அதன்மேல் இருந்தது. என் கண் போன இடத்துக்கு அவள் கண்ணும் போனது. சாம்பலுக்குள் ஒரு நறுக்கின் நுனி, முடிச்சோடு, கருகாமல் கிடந்தது.

எதிரே நின்ற ஆறு பெண்களும் கோப்பைகளை வைத்துவிட்டு அடுப்பை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், “தேத்தண்ணிக்கோ?” என்றாள். கேலியாக இல்லை. உண்மையாகவே கேட்டாள். நம்ப முடியாமல்.

குஞ்சம்மா ஈரக் காலோடு மண்டபத்துக்குள் போனாள். நான் பின்னால் ஓடினேன். விதானையார், “எங்கை போறாய்?” என்று எழுந்தார். அவள் நிற்கவில்லை. மேசையைப் பார்த்தாள்.

“அரிசி, பயறு, உழுந்து எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டி, நிறம் பார்த்து வைச்சிருக்கிறியே, தம்பி,” என்றாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “ஐயா, ஒவ்வொண்டுக்கும் முடிச்சுப் போட்டு வைச்சனான். இவன் அறியாமல் எரிச்சுப்போட்டான். கேளுங்கோ, இவனையே கேளுங்கோ,” என்றாள்.

துரை என்னைக் கேட்டார், இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று.

அன்றைய நாளில் நான் செய்தவற்றில் எரித்தது பெரிதல்ல. எரித்தது அறியாமை. இதுதான் பெரிது. நான் சொன்னேன்: “எந்த மணி எந்த ஆழத்தில் கிடைத்தது என்று தனக்கு ஞாபகம் இருக்கிறதாம், சேர்.”

அவள் அதைச் சொல்லவில்லை. பதிவு இருந்தது, நான் அழித்தேன் என்றல்லவா சொன்னாள். ஐயாவுக்கு இரண்டு பாஷையும் தெரியும். தலைமை வாத்தியாருக்கும் தெரியும். நான் அவர்களைப் பார்த்தேன். ஐயா சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை வாத்தியார் மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கினார். மூன்று படித்த ஆண்கள், ஒரே நேரத்தில், வாய் திறக்காமல் ஒரு பொய்யைச் சேர்ந்து சொல்லிவிட்டோம். இவ்வளவு சுலபமாக அது முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

துரைக்கு ஆர்வம் வந்தது. “சொல்லச் சொல்,” என்றார்.

குஞ்சம்மா மேசையைச் சுற்றி வந்தாள். என் கோலத்தைக் கலைத்தாள். இந்த நீல மணி சாம்பல் மண், இந்தச் சிவப்பு மணி கரிமண், இந்தக் காசு செம்மண், உழுதபோது மேலே வந்தது. மைக் கம்பியை எடுத்துத் தனியே வைத்தாள். “இது கரிமண்ணிலை, அடுப்புக்குப் பக்கத்திலை.”

“எந்த அடுப்பு?” என்று ஐயா தன்னை மறந்து தமிழில் கேட்டார்.

“மூண்டு கல்லு, நடுவிலை சாம்பல், நண்டுக்கோது. செங்கல் கட்டடத்து அத்திவாரத்துக்குக் கீழை இருந்தது, ஐயா. உங்கடை ஆக்கள் அலவாங்காலை இழுத்து எறிஞ்சவை. நான் சொல்ல, பேசாமல் மண்ணைத் தூக்கெண்டவை. உங்கடை கட்டடம் கட்ட முன்னமே அதிலை ஒருத்தி சமைச்சிருக்கிறாள்.”

இதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். துரை நெடுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், இவளுடைய ஞாபகசக்தி அபூர்வமானது என்று சொல்லு என்றார். ஆனால் ஒருவருடைய ஞாபகத்தைத் தன்னால் கோப்பில் கட்டி மேலே அனுப்ப முடியாது. எழுத்தில் ஏதாவது இருந்திருந்தால் அதுவே போதுமாயிருந்திருக்கும் என்றார்.

ஏதாவது இருந்திருந்தால். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஐப்பசியில் மேட்டைத் தட்டினார்கள். வண்டியில் மண் போனது. கார்த்திகையில் புகையிலைக் கன்று நின்றது. வடக்கு மூலையில் இளம் பனை வடலிகள் அடர்ந்த ஒரு துண்டு மட்டும், வெட்ட ஆள் கிடைக்காததால், அப்படியே இருந்தது.

குஞ்சம்மா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வருவாள், அம்மாவோடு கதைப்பாள், போவாள். நான் முன்னால் வந்தால், “அக்கா, உங்கை ஆரோ நிக்கினம், நான் பேந்து வாறன்,” என்பாள். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்கழியில் ஐயாவின் சிறு புத்தகம் அச்சாகி வந்தது. அட்டையில் அவர் பெயர். முன்னுரையில் எனக்கு நன்றி: பொருள்களை வகைப்படுத்தி ஒழுங்குசெய்த இளைஞருக்கு. எட்டாம் பக்கத்தில், அஞ்சனக் கோல் எனத் தெளிகிறோம். சலிக்கும் முறையொன்று கையாளப்பட்டது என்ற என் வசனமும் அப்படியே. பெண்களைத் தேடினேன். ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், செலவு விவரத்தில் இருந்தார்கள். கடகம் பன்னிரண்டு. அலவாங்கு இரண்டு. பெண்கள் ஏழு.

இரண்டு தடவை வாசித்தும் நம்பமுடியவில்லை. பிறகு ஒன்று உறைத்தது. அந்தச் செலவு விவரத்தை முதலில் எழுதியவனும் நான்தான். என் கொப்பியில், என் கையெழுத்தில், ஆனி மாதத்திலேயே அது அப்படித்தான் இருந்தது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு குஞ்சம்மா வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் ஒடியலுக்குப் பிளந்த பனங்கிழங்கைக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். பேசமாட்டாள் என்று தெரியும். நின்றபடியே அந்தப் பக்கத்தை உரத்து வாசித்தேன். அலவாங்கு இரண்டு, பெண்கள் ஏழு.

கை நின்றது.

“அலவாங்குக்குக் கீழையோ போட்டிருக்கிறார்?”

“ஓம்.”

“அலவாங்கு ரெண்டாம் மாசமே வளைஞ்சு போச்சு. நாங்கள் வளையேல்லையே.” பிறகு கேட்டாள்: “அடுப்பைப் பற்றி?”

“ஒண்டுமில்லை.”

“மையைப் பற்றி?”

“ஐயா கண்டுபிடிச்சதெண்டு கிடக்கு.”

“அவர் மை போட்டவரோ?” என்றாள். சிரிக்கவில்லை. ஒடியலை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பார்வை. “வடலி மூலை இன்னும் கிடக்கெல்லோ? அதுக்குள்ளையும் கரிமண் போகுது. நான் கண்டனான். கரிமண் போற இடத்திலை அடுப்பும் கிடக்கும்.”

காணிக்காரர் சும்மா விடுவாரா? அந்த மூலையைப் பங்குனி வரை குத்தகைக்குத் தருவதாகச் சொன்னார். பெண்கள் தோண்டப்போகிறார்கள் என்றதும் முதலில் புதையலோ என்று பயந்தார்; பிறகு விலையை ஏற்றினார். ஏழு பெண்களும் கூடி யோசித்தார்கள். அந்த வருஷத்து ஒடியல் காசு எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

“உனக்கு விசரே?” என்று ஒருத்தி கேட்டாள். “உந்தக் காசுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம்.”

“வாங்கன். ஆடு சொல்லுமே நீ மண் சுமந்தனி எண்டு?”

குத்தகை எடுத்தார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையில். “நீ எழுது,” என்றாள் குஞ்சம்மா. “முடிச்சைப் பார்த்து எழுது. உன்ரை மண்டையைப் பார்த்து எழுதாதை.”

தையில் நிலம் காய்ந்ததும் தொடங்கினோம். ஐயாவுக்குச் சொல்லவில்லை. அலவாங்கு கொண்டுவர வேண்டாம் என்றாள் குஞ்சம்மா. கரண்டியும் சிரட்டையும் ஈர்க்குமாறும் போதும். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி, மண் நிறம் மாறினால் “மாறுது!” என்று கூப்பிடும் வேலையும் பார்த்தேன். நான் கூப்பிட முன்னரே மேலே முடிச்சு விழுந்திருக்கும். ஒவ்வொரு குட்டானையும் திறந்து, நறுக்கைப் பார்த்து, எண்ணி, யார் சுளகில் கிடைத்தது என்று அவளுடைய பெயரோடு எழுதினேன். ஏழு பெயர்களையும் முழுதாக எழுதிய அன்றுதான் அவர்களில் இரண்டு பேருடைய பெயர் எனக்கு அதுவரை தெரியாது என்பது தெரிந்தது. மூன்று மாதம் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

பதினாறாம் நாள் கரிமண்ணில் அடுப்பு வந்தது. இரண்டு கல். மூன்றாவது இல்லை; வடலி வேர் தள்ளிவிட்டதோ, அந்தக் காலத்திலேயே யாரோ எடுத்துப்போனார்களோ தெரியாது. நடுவில் சாம்பல் கட்டியாய் இறுகிக் கிடந்தது. பக்கத்தில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான சட்டித் துண்டுகள். எழுவரும் குழியைச் சுற்றிக் குந்தினார்கள். யாரும் தொடவில்லை.

“கன்னி மூலைப் பக்கம் அடுப்பு வாய் வைச்சிருக்கிறாள்,” என்றாள் ஒருத்தி. “காத்து அள்ளிக்கொண்டு போயிருக்குமே.”

“வடக்கு வாடைக் காத்திலை சரி. அந்த மூலையாலை சோளகக் காத்து வரேக்கை கல்லைத் திருப்பியிருப்பாள்,” என்றாள் குஞ்சம்மா. “மற்றக் கல்லு அதாலைதான் அசைஞ்சது.”

அதையும் எழுதினேன், சொன்னவளின் பெயரோடு.

கொழும்புக் கந்தோருக்கு எல்லாவற்றையும் இங்கிலீசில் நேர்த்தியாகப் பிரதிபண்ணினேன். ஐந்து குட்டான்களை நறுக்கும் மணியும் உள்ளே இருக்கத் தைத்துக் கூடவே அனுப்பினேன். கடிதத்தின் முதல் பந்தியிலேயே எழுதினேன்: புரட்டாசியில் தங்களிடம் நான் உண்மையை மறைத்தேன், பதிவு இருந்தது, அதை எரித்தவன் நான். இரண்டாம் பந்தியில்: இந்தப் பதிவு என்னுடையதல்ல, இன்னின்ன ஏழு பெண்களுடையது, நான் பிரதி எழுதியவன் மாத்திரம். தபாலில் போட்டுவிட்டு வரும்போது ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

பதில் ஆனியில் வந்தது. குஞ்சம்மா வீட்டு முற்றத்தில், ஏழு பேருக்கும் முன்னால் பிரித்தேன். நான்கு வரி. மனதுக்குள் வாசித்ததும் கடிதத்தைப் பாதி மடித்தேன்.

“வாசியன்ரா,” என்றாள் குஞ்சம்மா.

மறைக்க நினைத்தேன். மண்டபம் நினைவுக்கு வந்தது. உள்ளபடியே சொன்னேன்.

“‘அன்புள்ள ஐயா, தாங்கள் கவனமாகத் தயாரித்த பதிவு கிடைத்தது. தாங்கள் பணியாட்களைக் குறிப்பிட்டிருப்பது தங்கள் அடக்கத்தைக் காட்டுகிறது. அடுப்புப் பற்றிய தங்கள் அவதானம் கோப்பில் சேர்க்கப்பட்டது. எஞ்சிய நிலம் மிகச் சிறிதாகையால் மேல் நடவடிக்கைக்கு இடமில்லை.’”

நான் எழுதிய பெயர்கள் கந்தோர்க்காரர் கையில் இருந்தன. வாசித்திருக்கிறார்கள். வாசித்துவிட்டு, எழுதியவனின் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். எரித்தேன் என்று ஒப்புக்கொண்டதற்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. ஒருவேளை அதையும் அடக்கம் என்று நினைத்தார்களோ என்னவோ.

“அடுப்பு எழுதிக் கிடக்கோ?” என்று குஞ்சம்மா கேட்டாள்.

“ஓம். கோப்பிலை கிடக்கு.”

“எங்கடை பேர்?”

“என்ரை கடிதத்திலை கிடக்கு. அவையின்ரை கடிதத்திலை இல்லை.”

“உன்ரை கடிதத்தைக் கிழிக்க மாட்டினமோ?”

“கோப்பிலைதான் கட்டியிருப்பினம்.”

அவள் சற்று யோசித்தாள். மற்றவர்கள் அவளையே பார்த்தார்கள். ஆட்டுக்குட்டி என்று சொன்னவள் மட்டும் மண்ணில் ஈர்க்கால் கோடு கீறிக்கொண்டிருந்தாள்.

“அப்ப கிடக்கட்டும்,” என்றாள் கடைசியில். “எல்லாமாய் எங்களுக்கு எவ்வளவு காசு முடிஞ்சுது, அதைப் பார்த்துச் சொல்லு. இதையாவது சரியாச் சொல்லு.”

சொன்னேன். இந்தச் செலவு விவரத்தில் பெண்கள் இல்லை: குத்தகை பதினாலு ரூபா. கொப்பி இரண்டு, மை, தையல் நூல், குட்டான்கள் போன தபால் செலவு இரண்டு ரூபா பத்துச் சதம். மொத்தம் பதினாறு ரூபா பத்துச் சதம்.